ஒரு சகோதரி

தலையாரி மனுவின் நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வழக்கமாக உட்கார்ந்து ஒரு டீ குடித்து, ஊர் நியாயம் நாலு பேசிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அன்றைக்குப் பொன்னுத்தாயியின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். முகம் பார்க்காமல் போகிறவரிடம் சங்கதி இருக்கிறது என்பது, மேலச்செங்காட்டு ஊராட்சித் தலைவராக இருந்த இந்த இரண்டு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம்.

சங்கதி இருக்கத்தான் செய்தது. மேலத்தெரு சேவுகப்பெருமாள் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். 'பொன்னுத்தாயி இந்து அல்ல, கிறிஸ்தவர். ஆகவே பட்டியல் சாதியில் சேரமாட்டார். பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் பொய்யான சாதிச்சான்று கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். சான்றை ரத்து செய்து பதவியைப் பறிக்க வேண்டும்.'

சேவுகப்பெருமாளுக்கு மதத்தின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அக்கறை கண்மாய் மண்ணின் மேல். மண் அள்ளுவதற்கு ஊராட்சியில் தீர்மானம் போட்டுக் கொடு என்று இரண்டு முறை ஆள் அனுப்பினார், மூன்றாம் முறை அவரே வந்தார். பொன்னுத்தாயி மூன்று முறையும் முடியாது என்றாள். தன் தோட்டத்தில் வேலை பார்க்கும் செந்தாமரையை நிறுத்தி, தேர்தலில் முப்பத்தேழு ஓட்டில் தோற்ற எரிச்சல் ஏற்கெனவே அவருக்குள் புகைந்துகொண்டிருந்தது.

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. பட்டியல் சாதிக்காரர் கிறிஸ்தவத்துக்குப் போனால் அந்தச் சாதிப் பட்டியலை விட்டும் போய்விடுகிறார் என்று காகிதம் சொல்கிறது. காகிதத்துக்குப் பெரிய மனது. மேலச்செங்காட்டு டீக்கடைக்கு அந்த மனது கிடையாது, சுடுகாட்டுப் பாதைக்குக் கிடையாது, சேவுகப்பெருமாள் வீட்டு வாசலுக்குக் கிடையவே கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த மறுநாளும் காலனிக்காரன் காலனிக்காரன்தான். சாதி அப்படியே இருக்கும், சான்றிதழ் மட்டும் போய்விடும்.

அதனால் காலனியில் சபைக்குப் போகும் இருபத்திரண்டு வீட்டிலும் ஆளுக்கு இரண்டு பெயர். தாலுகா ஆபீசுக்கு ஒன்று, தேவனுக்கு ஒன்று. பொன்னுத்தாயிக்குச் சபையில் பிரிசில்லாள் என்று பெயர். அவள் புருஷன் மாயக்கண்ணன் புதுவயல் ரைஸ்மில்லில் லோடுமேன். அவன் குடியை விட்டது சபை கூடும் அந்தச் சின்ன ஓட்டுக் கட்டடத்தின் ஜெபத்தில்தான், அதற்காகவே அவள் சாகும்வரை அங்கே முழங்காலிடத் தயாராக இருந்தாள். மாதம் ஒருமுறை காரைக்குடியிலிருந்து திருவிருந்து கொடுக்க வரும் போதகரும் விவரம் தெரிந்தவர். ஞானஸ்நானம் கொடுப்பார், பதிவேட்டில் ஏற்றமாட்டார். "பரலோகத்துல ஒரு பதிவேடு இருக்கு. அதுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து தேவையில்ல" என்று சிரிப்பார்.

காணிக்கைக்கும் இதே ஏற்பாடுதான். பிள்ளை பாஸானால், மாடு கன்று போட்டால், வயிற்றுக்கட்டி கரைந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பார்கள். மாதக் கடைசியில் அது சபை மடலில் அச்சாகி வரும். மற்ற ஊர்க்காரர்களுக்குப் பெயர், தகப்பன் பெயர், தெருப் பெயர்கூட வரும். மேலச்செங்காட்டுப் பக்கத்தைத் திறந்தால் 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரன்', மறுபடியும் 'ஒரு சகோதரி' என்றே வரிசை இறங்கும். யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று கர்த்தருக்கும் தெரியும், காலனிக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மனுவோடு பின் குத்தி வைத்திருந்தது அந்த மடலின் ஒரு பக்கம். தேர்தல் முடிந்த மறுமாதத்து மடல். ஒன்பது 'ஒரு சகோதரி'களுக்கு நடுவே ஒரு வரியைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள்: 'தேர்தலில் கேட்ட ஜெபத்திற்குப் பதில் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம். சகோதரி பிரிசில்லாள், மேலச்செங்காடு.'

அந்தக் காணிக்கையைப் பொன்னுத்தாயி கொடுக்கவில்லை. அந்த மடலை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

காரைக்குடி வக்கீல் கலீல் ரகுமான் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஒரு தாளத் தவிர அவங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா. பதிவேடு இல்ல, போட்டோ இல்ல. பிரிசில்லாள்னா அது நீங்கதான்னு அவங்க நிரூபிக்கணும். சபைக்குள்ள இருக்க ஒரு ஆள் வந்து சொன்னாத்தான் அது முடியும். வெளியாள் வந்து கேள்விப்பட்டேன்னு சொன்னா எடுபடாது."

"சொல்லிட்டா?"

"சான்று ரத்து. பதவி போகும், கேசும் வரும். உங்க மகளுக்கு நர்சிங் சீட்டு எந்தச் சான்றுல வாங்குனீங்க?"

மகள் மதுரையில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் சான்று கிழிந்தால் மகளின் சான்றையும் தோண்டுவார்கள்.

"உள்ள இருந்து தாளக் குடுத்தது யாருன்னு கண்டுபிடிங்க. அந்த ஆள்தான் சாட்சிக்கும் வரும்" என்றார் வக்கீல்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னுத்தாயி ஜெபத்துக்குக் கண்ணை மூடவில்லை. எல்லோரும் மூடியிருக்கும்போது தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவள் கண்ணுக்கு முக்காடு போட்டதெல்லாம் பேயாகத் தெரிந்தது. தொகுப்பு வீடு கேட்டுக் கிடைக்காத பெண் முன்வரிசையில் இருந்தாள், அவள் போட்டுக்கொடுத்திருப்பாளோ? சபையை நடத்தும் உபதேசியார் செல்வம் புது பைக்கில் வருகிறார், உபதேசியார் சம்பளத்தில் எந்த ஊரில் பைக் வாங்க முடியும்? மச்சினன் கொடுத்தது என்று அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. மச்சினன் பெயரைக் கேட்டாள். அதையும் நம்பவில்லை.

செல்வம் கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஆராதனை முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"சிஸ்டர், என்னையச் சந்தேகப்படுறீக. படுங்க. ஆனா ஒண்ணு யோசிச்சீகளா? அந்த மாச மடல் நம்ம சபையில ஒருத்தர் கைக்கும் வரல."

"ஏன் வரல?"

"அச்சாபீசுல இருந்து கட்ட வாங்கியாந்தது யோகாக்கா. இந்த மாசம் மடல் இல்லைன்னுட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருச்சு. அம்பது மடல். ஏன்னு அப்பக் கேக்கத் தோணல."

யோகலட்சுமி! பொன்னுத்தாயிக்கு நெற்றிப் பொட்டில் அடித்தது போல இருந்தது. எப்படி இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்று?

யோகலட்சுமி அந்தச் சபையின் ஒரே மேலத்தெருக்காரி. அதுவும் யார், சேவுகப்பெருமாளின் சித்தப்பா மகள். கைம்பெண். புதுவயலில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறாள். பத்து வருஷத்துக்கு முன்னால் மதுரை ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தவள், பக்கத்துக் கட்டிலுக்கு ஜெபிக்க வந்தவர்கள் தனக்கும் ஜெபித்தார்கள் என்று எழுந்து வந்தவள். காலனியில் கை நனைக்கிறாள் என்று அண்ணன் வீட்டில் அவளுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, அவளுக்கு மறைக்க வேண்டிய சான்றும் இல்லை. "அம்மா" என்று கூப்பிட்டவர்களை "அக்கா" என்று கூப்பிட வைக்க அவள் இரண்டு வருஷம் மல்லுக்கட்டினாள். கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் காணிக்கைப் பட்டியல் எழுதும் வேலை அவளுடையது.

பட்டியல் அவள் கையில், மடல் கட்டு அவள் கையில், அண்ணன் சேவுகப்பெருமாள். கூட்டிக் கழித்துப் பார்க்க இதற்குமேல் என்ன இருக்கிறது? பதவியேற்ற அன்று தான் போட்டிருந்த ரவிக்கையை யோகலட்சுமி தைத்துக் கொடுத்ததும், காலனியில் மழைநீர் புகுந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் அவள் பிள்ளைகளைத் தூக்கி வந்ததும் பொன்னுத்தாயிக்கு ஞாபகம் வந்தன. நடிப்பு என்றால் இப்படியல்லவா நடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சந்தேகத்துக்கு நல்லதையும் தின்னத் தெரியும்.

அடுத்த ஞாயிறு ஆசீர்வாதம் கூறி முடித்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"யாரும் போகாதீக. யோகாக்காகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். அந்த மாச மடலெல்லாம் எங்க?"

யோகலட்சுமி பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எரிச்சுட்டேன் பொன்னு."

"எதுக்கு?"

"அதுல எழுதக்கூடாத வரி ஒண்ணு இருந்துச்சு."

"எழுதுனது யாரு?"

"நான் எழுதல."

"அப்ப யாரு?"

யோகலட்சுமியின் பார்வை ஆண்கள் பக்கம் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பியது. "அதச் சொல்லமாட்டேன்."

"சொல்லமாட்டீக. எப்படிச் சொல்லுவீக? அம்பதையும் எரிச்சவுக ஒண்ண மட்டும் அண்ணனுக்கு எடுத்து வச்சீகளாக்கும்!" பொன்னுத்தாயியின் குரல் கூரையில் முட்டியது. "ரத்தம் ரத்தத்தோடதான சேரும். எங்க சோத்தத் தின்னு எங்க அடுப்புலயே தண்ணி ஊத்திட்டீக. நாங்க இங்குட்டு வந்து ஒரு பேரத் தேடிக்கிட்டோம். அந்தப் பேர வச்சே எங்களக் கொல்லப் பாக்குறீக."

யாராவது தடுப்பார்கள் என்று யோகலட்சுமி எதிர்பார்த்திருப்பாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் தங்கள் தங்கள் சான்றிதழை நினைத்துக்கொண்டு நின்றார்கள். மாயக்கண்ணன் வாசலுக்கு வெளியே போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் தேடினான். யோகலட்சுமி புத்தகங்களை அலமாரியில் வைத்து, சாவியைச் செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். அதன் பிறகு அவள் சபைக்கு வரவில்லை.

விசாரணைக்குத் தேவகோட்டைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. மனுதாரர் தரப்புச் சாட்சி என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது: யோகலட்சுமி. பொன்னுத்தாயி அதைப் புருஷனிடம் நீட்டினாள். "பாத்துக்கங்க. நான் சொல்லயில எல்லாரும் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னீகள்ல?" அவன் வாங்கிப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் மில்லுக்குப் போனான்.

வக்கீல் ஒரு வாக்குமூலம் தயாரித்திருந்தார். 'நான் இந்து. எனக்கும் மேற்படி சபைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.' பொன்னுத்தாயி பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு செல்வத்திடம் ஓடினாள்.

"மறுதலிச்சதாகாதா பிரதர்?"

"காயிதத்துல மறுதலிக்கிறது காயிதத்தோட போயிரும் சிஸ்டர். அவுக சாதிய வச்சுக்கிட்டுச் சாமிய விடுங்கிறாக. அவுகளுக்குக் காயிதந்தான் வேணும். குடுத்துருங்க. ஆண்டவருக்கு உங்க நெஞ்சு தெரியும்."

அந்தச் சமாதானம் கொஞ்சம் சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததாலேயே அவளுக்கு அதன்மேலும் சந்தேகம் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். மதுரையில் ஒரு பெண் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு ஊசிபோடப் படித்துக்கொண்டிருக்கும்போது, தாய் என்னதான் செய்வாள்?

விசாரணை நாள் காலையில் புதுவயலிலிருந்து பஸ் ஏறிக் காரைக்குடியில் இறங்கினார்கள். தேவகோட்டை பஸ் கிளம்பக் கால்மணி நேரம் இருந்தது. பொன்னுத்தாயி வழிநெடுக யோகலட்சுமியைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வந்தாள். "அவ நாக்கு அழுகிப்போகும்" என்றாள். மாயக்கண்ணன் குடிக்காத டீயைக் கீழே ஊற்றினான்.

"ஏ பொன்னு, அந்தப் பொம்பளையத் திட்டாத. நாந்தான்."

"என்ன நாந்தான்?"

"காணிக்க குடுத்தது நாந்தான். பேரப் போட்டு எழுதுங்கன்னு யோகாக்காகிட்டக் கேட்டேன். கூடாதுப்பா, வம்பு வரும்னு எழுத மாட்டேன்னுருச்சு. நான் காரைக்குடிக்கு வந்து அச்சாபீசுலயே சொல்லி அந்த வரியச் சேத்துட்டேன். சபைப் பேருதான, வெளியில யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்."

"மடலு எப்படி வெளிய போச்சு?"

"அச்சாபீசுலயே நாலு எடுத்துட்டேன். மில்லுல லட்டு குடுக்கயில தேனப்பன் கணக்கப்பிள்ளைகிட்ட ஒண்ணு குடுத்தேன். இந்தா பாருங்க, இது எம்பொண்டாட்டின்னு விரல வச்சுக் காட்டுனேன். பாவி மனுசன் ரெண்டு வருசமாப் பத்திரமா வச்சிருந்து சேவுகப்பெருமாள்கிட்டக் குடுத்துருக்கான்."

பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே நின்று அவனையே பார்த்தாள்.

"ஏன்யா இப்படிப் பண்ணுன?"

மாயக்கண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "பதினாறு வருசமா ஒரு சகோதரி, ஒரு சகோதரின்னே வருது. நீ ஜெயிச்சதுக்கும் ஒரு சகோதரின்னு வந்தா எப்படி? ஒரே ஒரு தடவ உன் பேர அச்சுல பாக்கணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் பஸ் ஸ்டாண்டில் செய்ய முடியாது.

"அன்னைக்குச் சபையில நான் அவுகள அந்தப் பேச்சுப் பேசயில செருப்புத் தேடுனியே, அப்பச் சொல்லியிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன்" என்றான்.

தேவகோட்டை போய்ச் சேரும்வரை பொன்னுத்தாயியின் மனசில் ஒரே கணக்கு ஓடியது. யோகலட்சுமி தாளைக் கொடுக்கவில்லை, சரி. ஆனால் இப்போது சாட்சிக்கு வருகிறாள். ஏன் வருகிறாள்? கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேவலப்படுத்தியதற்கு வட்டியும் முதலுமாகத் தீர்க்கத்தான் வருகிறாள். அவளிடம் உண்மை இருக்கிறது, உண்மையைச் சொன்னாலே போதும், பொய்கூடத் தேவையில்லை. நானாக இருந்தால் சொல்வேன், கட்டாயம் சொல்வேன் என்று பொன்னுத்தாயி நினைத்தாள். ஒரு குற்றமும் செய்யாதவள் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்ததும், தானே செய்த குற்றத்திலிருந்து புதுச் சந்தேகம் முளைத்துவிட்டது. இது முன்னதைவிடக் கெட்டியாக இருந்தது.

யோகலட்சுமி சேவுகப்பெருமாளின் காரில்தான் வந்து இறங்கினாள். அவர் தங்கச்சிக்குக் கதவைத் திறந்துவிட்டார். தனி டம்ளர் வைத்த வீட்டில் அப்படியொரு மரியாதை அவளுக்கு அன்றுதான் கிடைத்திருக்கும்.

விசாரணை அதிகாரி நடுவயதுக்காரர். சிவப்பு மைச் சுழியைத் தூக்கிப் பிடித்தார்.

"யோகலட்சுமி. சபையில காணிக்கைப் பட்டியல் எழுதுறது நீங்கதானா?"

"ஆமாங்கய்யா."

"நீங்க பொய் சொல்றதில்லைன்னு உங்க அண்ணன் சொல்றாரு. சொல்லுங்க. பிரிசில்லாள்ங்கிறது யாரு?"

மின்விசிறி கடகடத்தது. பொன்னுத்தாயி மகளின் முகத்தை நினைக்கப் பார்த்தாள், வரவில்லை.

"நாந்தாங்கய்யா" என்றாள் யோகலட்சுமி.

"ஏய், என்ன பேசுற!" சேவுகப்பெருமாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க சார். அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஞானஸ்நானத்துல எனக்கு வச்ச பேருங்கய்யா. வெளியில சொல்லிக்கிறதில்ல."

"தேர்தல்ல கேட்ட ஜெபம்னு இருக்கே. நீங்க தேர்தல்ல நிக்கலையே?"

"நிக்கணுமா? எங்கண்ணன் நிறுத்துன ஆளு தோக்கணும்னு வேண்டிக்கிட்டேன். ஜெயிச்சா கண்மாய மிச்சம் வைக்க மாட்டாக. வேண்டுனது பலிச்சுச்சு, காணிக்க போட்டேன். இதுல என்ன தப்பு?"

அறையில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். சேவுகப்பெருமாளின் கழுத்து நரம்பு புடைத்தது.

"பொன்னுத்தாயி உங்க சபைக்கு வருவாங்களா?"

"கிறிஸ்மசுக்குப் பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுக்கயில பிரசிடெண்டுன்னு வந்து நிப்பாக. அம்மன் கோயில் பொங்கலுக்கும் பள்ளிவாசலுக்கும் போற மாதிரி."

பத்து வருஷமாக அவளைப் பார்த்திருக்கிறாள் பொன்னுத்தாயி. ரவிக்கைத் துணி அரைமுழம் குறைந்தால்கூட மறைக்காமல் சொல்கிறவள். இன்று ஒவ்வொரு பொய்யையும் நூல் கோப்பது போல நிதானமாகக் கோத்துக்கொண்டிருந்தாள். தனக்கு இல்லாத ஒரு பெயரைத் தன்மேல் எழுதிக்கொண்டாள். எதற்காக? தன்னைத் துரத்தியவளுக்காகவா? ஒரு வினாடி பொன்னுத்தாயி இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று பழக்கதோஷத்தில் தேடினாள். அப்படித் தேடியதற்காகத் தன்னையே வெறுத்தாள்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். இந்துவா, கிறிஸ்தவரா என்று கேட்பார் என்றுதான் பதினைந்து நாளாக அவள் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

"இந்தம்மாவ உங்களுக்குத் தெரியுமா? பழக்கம் உண்டா?"

பக்கத்தில் கலீல் ரகுமான் தொண்டையைச் செருமினார். பழக்கம் உண்டு என்றால் அடுத்த கேள்வி எப்படிப் பழக்கம் என்று வரும். எங்கே, எந்தக் கிழமை என்று வரும். யோகலட்சுமி கோத்த நூல் அத்தனையும் அந்த ஒரு சொல்லில் அறுந்து போகும். யோகலட்சுமி அவளைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மேலத்தெருவுல இருக்க அம்மாங்க" என்றாள் பொன்னுத்தாயி. "பாத்துருக்கேன். பழக்கம் இல்லைங்க."

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். கடவுளை மறுதலிக்க அவள் அரைமணி நேரம் யோசித்திருந்தாள். இதற்கு மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் வக்கீல் மெல்லச் சொன்னார். "மனு நிக்காதும்மா. உங்க சான்றுக்கு இனிப் பயமில்ல. ஆனா அந்தம்மாகூட ஒரு வார்த்தை பேசிராதீங்க, ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும். அவங்க ஆளுங்க பின்னாலேயே வருவாங்க. ரெண்டு பேரும் சேந்திருக்க மாதிரி ஒரு போட்டோ கிடைச்சாப் போதும்."

சேவுகப்பெருமாளின் கார் தங்கச்சியை ஏற்றாமல் போய்விட்டது. இனி அந்தத் தனி டம்ளரும் அவளுக்கு இல்லை. அவள் கைப்பையை இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். காரைக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் கழித்துப் பொன்னுத்தாயியும் மாயக்கண்ணனும் அதே பஸ்ஸில் ஏறினார்கள், அடுத்த பஸ்ஸுக்கு ஒருமணி நேரம் ஆகும் என்றார்கள். அவர்கள் பின்னாலேயே மில் கணக்கப்பிள்ளை தேனப்பன் செல்போனும் கையுமாக ஏறினார். மாயக்கண்ணன் பின்பக்கம் போய் நின்றுகொண்டான்.

பஸ் நிறைந்துவிட்டது. பெண்கள் பக்கத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அது யோகலட்சுமிக்குப் பக்கத்து இடம்.

பொன்னுத்தாயி அந்த இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யோகலட்சுமியின் நரைத்த வகிடு அவளுக்குக் கீழே தெரிந்தது. உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல அவள் உடம்பு முழுக்கத் தவித்தது. நாலு வரிசை தள்ளித் தேனப்பன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அந்தா சீட்டு இருக்குல்ல, உக்காரும்மா. வழிய மறிக்காத" என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்ணே. நான் நிக்கிறேன்."

"காலியா இருக்கயில என்னத்துக்கு நிக்கிறங்கிறேன்?"

பொன்னுத்தாயி தடுமாறினாள். பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். யோகலட்சுமி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல், மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

கண்டக்டருக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸுக்கே புரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமா அது? மேலத்தெரு பூமிநாதன் முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அது சரி. யோகலச்சுமி வேதத்துக்குப் போனாலும் முறைய விடல. பொன்னுத்தாயி, நீயும் பிரசிடெண்டாகியும் பழச மறக்கல. இப்படி இருந்துட்டா ஊருல எதுக்குத் தாயி சண்ட?"

பொன்னுத்தாயி வாயைத் திறந்தாள். தேனப்பனின் செல்போன் இறங்கவில்லை. யோகலட்சுமியின் தோள் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது, பஸ்ஸினாலா அழுகையினாலா என்று மேலிருந்து பார்த்தவளுக்குத் தெரியவில்லை.

"ஆமாங்கய்யா" என்றாள் பொன்னுத்தாயி. காரைக்குடி வரும்வரை அவள் நின்றுகொண்டே வந்தாள்.